பிரைமரியில் சின்னம் உதவாது: அமெரிக்க வாக்காளர் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

கேள்வி இது: "டல்லாஸில் இருக்கும் என் அண்ணனுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து, வாக்காளராகவும் பதிவு செய்துவிட்டார். பிரைமரி தேர்தலில் ஓட்டுப் போட ஏதாவது ஒரு கட்சியில் உறுப்பினராகச் சேர வேண்டுமா? அங்கே சாதாரண வாக்காளர்கள் கட்சி வேட்பாளரை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: வேண்டாம். டெக்சாஸில் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சியைக் கேட்கும் கட்டமே கிடையாது. ஆனால் இதே பதில் நான் குடியிருக்கும் நியூ ஜெர்சிக்குப் பொருந்தாது. ஆற்றைத் தாண்டினால் நியூயார்க். அங்கே கதை இன்னும் கறார். ஐம்பது மாநிலம், ஏறக்குறைய ஐம்பது விதி. கேள்வியின் இரண்டாவது பாதிதான் எனக்கு ருசியானது. பதில் நீண்டதற்கு அதுதான் காரணம்.

நம் ஊரில் ஒரு கட்சியின் சீட் வேண்டுமென்றால் விருப்ப மனு கொடுத்து, பணம் கட்டி, நேர்காணலுக்குப் போய்க் கைகட்டி உட்கார வேண்டும். பட்டியலை வெளியிடுவது தலைமை. அமெரிக்காவில் அந்தச் சீட்டைக் கொடுப்பது வாக்காளர்கள். நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலுக்குச் சில மாதம் முன்பே, "நம் கட்சி சார்பில் யார் நிற்பது?" என்று கேட்டு ஒரு தேர்தல் நடக்கிறது. அதுதான் பிரைமரி. பெரும்பாலும் அரசு செலவில், அரசு வாக்குச்சாவடியில், அரசு ஊழியர்களே எண்ணும் தேர்தல். கட்சித் தலைவருக்குப் பிடிக்காத ஆள் ஜெயித்தாலும் அவர்தான் அதிகாரபூர்வ வேட்பாளர். தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"கட்சி உறுப்பினர்" என்ற சொல்லை இங்கே கொஞ்சம் மறந்துவிட வேண்டும். உறுப்பினர் அட்டை இல்லை, சந்தா இல்லை, கிளைச் செயலாளர் கையெழுத்து இல்லை. சுமார் முப்பது மாநிலங்களில் வாக்காளர் பதிவுப் படிவத்திலேயே கட்சிப் பெயர்களுக்கு எதிரே சிறு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் டிக் அடித்தால் நீங்கள் அந்தக் கட்சியின் வாக்காளர். கட்சிக்காரர் யாரும் உங்களை ஏற்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. அந்த டிக்கின் பயன், பிரைமரி அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வரும் என்பதுதான். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

குடியுரிமை வாங்கிய புதிதில் எனக்கு இது தெரியாது. எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்காமல் பெரிய நடுநிலையாளர் என்ற பெருமையோடு படிவத்தை அனுப்பிவிட்டேன். அடுத்த ஜூனில் பிரைமரிக்குப் போனேன், ஒரு பள்ளிக்கூட ஜிம்மில். பெயர்ப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பாட்டி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எந்தக் கட்சி?" என்றார். "எதுவும் இல்லை" என்றேன். "அப்படியென்றால் இப்போது ஒன்றைச் சொல்லு. இங்கே கையெழுத்துப் போடு. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்." அதட்டலில்லை, ரேஷன் கடையில் சர்க்கரையா கோதுமையா என்று கேட்கிற தொனி. பின்னால் வரிசை நின்றது. ஒரு கட்சிப் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அன்று முதல் பதிவேட்டில் நான் அந்தக் கட்சி. நியூ ஜெர்சி விதி அப்படித்தான்: கட்சி சாராதவர் பிரைமரி அன்றுகூடச் சேர்ந்துகொள்ளலாம். ஏற்கனவே ஒரு கட்சியில் பதிந்தவர் இன்னொன்றுக்குத் தாவ வேண்டுமென்றால் 55 நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

நியூயார்க்கில் அந்தப் பாட்டியின் தயவுகூடக் கிடையாது. அது மூடிய பிரைமரி. அந்தந்தக் கட்சியில் முன்பே பதிந்தவர் மட்டும் உள்ளே. 2016 ஏப்ரலில் டொனால்ட் ட்ரம்ப் தன் சொந்த ஊரில் குடியரசுக் கட்சி பிரைமரியில் நின்றபோது, அவர் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியவில்லை. கட்சிப் பதிவை மாற்றுவதற்கான கெடு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே முடிந்துபோயிருந்தது, இருவரும் கோட்டைவிட்டிருந்தார்கள். அந்தக் கெடு இப்போது பிப்ரவரி 14 வரை தள்ளப்பட்டிருக்கிறது. பென்சில்வேனியா, ஃபுளோரிடா, மேரிலாண்ட் போன்ற இடங்களிலும் மூடிய கதவுதான்.

மற்றொரு கோடி, திறந்த பிரைமரி. டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின், விர்ஜீனியா எல்லாம் இந்த வகை. எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்பதை அன்றைக்கே முடிவு செய்யலாம். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் பல தினுசு உண்டு. கொலராடோவில் கட்சி சாராத வாக்காளருக்கு இரண்டு கட்சிகளின் சீட்டும் தபாலில் வீடு தேடி வரும். ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். ஆசைப்பட்டு இரண்டையும் அனுப்பினால் இரண்டுமே குப்பைக்கு. நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராதவர் உள்ளே போய் ஒரு கட்சிச் சீட்டு வாங்கி ஓட்டுப் போட்டுவிட்டு, வெளியே வரும் வழியிலேயே ஒரு அட்டையில் கையெழுத்திட்டு மறுபடி கட்சி சாராதவராகிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. சத்திரத்துச் சாப்பாடு மாதிரி.

"சுயேச்சை" என்று பதிய நினைக்கிறவர்களுக்குக் கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கையான பள்ளம் இருக்கிறது. அங்கே "அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி" என்று நிஜமாகவே ஒரு கட்சி உண்டு. 1968இல் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதற்காகக் கிளம்பிய கட்சி. "இண்டிபெண்டன்ட்" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு லட்சக்கணக்கானோர் அதில் டிக் அடித்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலோருக்குத் தாங்கள் ஒரு வலதுசாரிக் கட்சியில் இருப்பதே தெரியாது. படிவத்தை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் நமக்கு மட்டுமே உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே கலிபோர்னியா 2010இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஜனாதிபதி தவிர்த்த மேல்மட்டப் பதவிகளுக்குக் கட்சிவாரிப் பிரைமரியையே எடுத்துவிட்டது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் இருப்பார்கள். எல்லா வாக்காளருக்கும் அதே சீட்டு. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. வாஷிங்டன் மாநிலம் இதை 2008 முதலே செய்கிறது. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016இல் சியாட்டில் தொகுதியில் முதல்முறை காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) நின்றபோது, ஆகஸ்ட் பிரைமரியில் அவர் முதலிடம். இரண்டாமிடம் பிரேடி வாக்கின்ஷா. இருவருமே ஜனநாயகக் கட்சி. நவம்பர் வாக்குச்சீட்டில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரும் இல்லை. அந்தத் தொகுதிக்காரர்களுக்குப் பிரைமரிதான் இரண்டு தடவை நடந்தது என்று சொல்லலாம். அலாஸ்கா இன்னும் ஒரு படி மேலே போய் முதல் நான்கு பேரை அனுப்புகிறது.

ஆரம்பத்தில் இங்கேயும் கட்சிப் பெரிய மனிதர்கள் சுருட்டுப் புகைக்கு நடுவே உட்கார்ந்துதான் ஆளை முடிவு செய்தார்கள். விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபாலெட் என்ற கவர்னர் (இங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி), தன் கட்சித் தலைகளோடு சண்டை போட்டே வளர்ந்தவர், 1904இல் மாநிலம் முழுவதற்குமான நேரடிப் பிரைமரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மற்ற மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. வாக்காளருக்கு அதிகாரம் கொடுக்கும் ஏற்பாடாக வந்த இதுவே தெற்கு மாநிலங்களில் அதிகாரத்தைப் பறிக்கும் ஏற்பாடாகவும் ஆனது.

உங்கள் அண்ணன் இருக்கும் டெக்சாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜெயித்தாலே பதவி கிடைத்த மாதிரிதான். நவம்பர் வெறும் சடங்கு. சரி, கறுப்பினத்தவர் ஓட்டைச் சட்டப்படி தடுக்க முடியாது, பிரைமரியில் தடுத்துவிட்டால்? "நாங்கள் தனியார் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினர்" என்றது கட்சி. ஹியூஸ்டனில் லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் 1940 பிரைமரியில் சீட்டுக் கேட்டார். கொடுக்கவில்லை. வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். 1944இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னது: அரசின் தேர்தல் ஏற்பாட்டில் பிரைமரியும் ஒரு பகுதி, அதில் நிறம் பார்க்கக் கூடாது. டெக்சாஸ் பிரைமரியில் கட்சிக் கேள்வி கேட்காமல் சீட்டுக் கொடுக்கும் வரிசையில் அண்ணன் நிற்கும்போது, அந்தப் பல் மருத்துவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நவம்பரில் ஓட்டுப் போடுவது சுலபம். பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்கும். பத்துப் பதவிக்கும் ஆளைத் தெரியாவிட்டாலும் கட்சியைப் பார்த்துக் குத்திவிட்டு வரலாம், நம் ஊரில் சின்னம் பார்த்துப் போடுகிற மாதிரி. பிரைமரியில் அந்த ஊன்றுகோல் பிடுங்கப்படுகிறது. நிற்கிற ஆறு பேரும் ஒரே கட்சி. கொள்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. எல்லோருக்கும் கல்வி முக்கியம், எல்லோருக்கும் குடும்பம் முக்கியம், எல்லோரும் நாயோடு நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நேர்மையாகச் சொன்னால், நிறையப் பேர் தெரிந்த பெயரைப் பார்த்துப் போடுகிறார்கள். ஏற்கனவே பதவியில் இருப்பவர் பெரும்பாலும் ஜெயிப்பதற்கு இதுவே பாதிக் காரணம். அடுத்தது, நம்பிக்கையான ஒருவரின் சொல். 2020 பிப்ரவரியில் ஜோ பைடன் முதல் மூன்று மாநிலங்களிலும் தோற்று, ஆள் அவுட் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தென் கரோலினாவில் கறுப்பின மக்களிடம் பெரும் மதிப்புள்ள காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் 26ஆம் தேதி "என் ஓட்டு பைடனுக்கு" என்றார். 29ஆம் தேதி பைடன் பாதிக்குப் பாதி ஓட்டு வாங்கி ஜெயித்தார். அதன் பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கிளைபர்ன் சொன்னது தங்களுக்கு முக்கியமாக இருந்தது என்றார்கள். ஊர்ப் பெரியவர் வாக்குக்கு எந்த ஊரிலும் ஒரு விலை இருக்கிறது.

வாக்குச்சீட்டு எப்படி அச்சடிக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஓட்டை இழுக்கும். இதை நான் சொந்தச் சாப்பாட்டு மேஜையில் பார்த்தேன். நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு முன் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று வீட்டுக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை, 21 கவுண்ட்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 19இல், கவுண்ட்டிக் கட்சி அமைப்பு ஆதரிக்கும் ஆள்களை எல்லாம் ஒரே பத்தியில் அடுக்கி அச்சடிப்பார்கள்: மேலே செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்), அதற்குக் கீழே காங்கிரஸ், அதற்குக் கீழே கவுண்ட்டி ஆணையர் என்று, கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் போல வரிசையாக. இதற்கு "லைன்" என்று பெயர். கட்சி ஆதரவு இல்லாதவர் பெயர் மூன்று பத்தி தள்ளி ஒரு வெற்றிடத்தின் நடுவே கிடக்கும். என் மனைவி அந்தச் சீட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "இவர் ஏன் மூலையில் தனியாக நிற்கிறார்? ஏதாவது கேஸா?" என்று கேட்டார். லைனின் வேலையே அந்தச் சந்தேகத்தைக் கிளப்புவதுதான்.

2023 செப்டம்பரில் செனட்டர் பாப் மெனண்டெஸ் மீது லஞ்ச வழக்கு வந்தது. மறுநாளே காங்கிரஸ் உறுப்பினர் ஆண்டி கிம் அந்த இடத்துக்கு நிற்பதாக அறிவித்தார். கொஞ்ச நாளில் கவர்னர் பில் மர்ஃபியின் மனைவி டாமி மர்ஃபியும் இறங்கினார். இதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றவர் இல்லை. ஆனாலும் பெரிய பெரிய கவுண்ட்டித் தலைவர்கள் அவர் பின்னால் அணிவகுத்தார்கள், லைன் அவருக்கு. கிம் நீதிமன்றத்துக்குப் போனார், இந்த அச்சடிப்பே அநியாயம் என்று. 2024 மார்ச் 24ஆம் தேதி டாமி மர்ஃபி விலகினார். 29ஆம் தேதி நீதிபதி அந்த ஆண்டின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு லைனைத் தடை செய்தார். அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமே மாறி, ஒவ்வொரு பதவிக்கும் தனிக் கட்டம் வந்துவிட்டது. கிம் இப்போது செனட்டர். பிரைமரியைப் பற்றி யாராவது "மக்கள்தானே முடிவு செய்கிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சீட்டில் பெயர் வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுவதும் உண்டு. பல மாநிலங்களில் வேட்பாளர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். 1996இல் சிகாகோவில் மாநில செனட்டுக்கு நின்ற ஒரு இளம் வழக்கறிஞர், போட்டியாளர்களின் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வைத்தார். பதிவில்லாத ஆள், தப்பான முகவரி என்று அடித்து, நான்கு பேரையும் சீட்டிலிருந்தே நீக்க வைத்தார். அதில் ஒருவர் அப்போது பதவியிலிருந்த ஆலிஸ் பால்மர். பிரைமரியில் தனியாளாக நின்று ஜெயித்த அந்த வழக்கறிஞர் பெயர் பராக் ஒபாமா.

அப்புறம், "யார் நவம்பரில் ஜெயிப்பார்?" என்ற கணக்கு. எனக்குப் பிடித்தவர் ஒருவர், எதிர்க்கட்சியைத் தோற்கடிக்கக்கூடியவர் இன்னொருவர் என்றால், பல வாக்காளர்கள் இரண்டாமவருக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார் என்று நாம் ஊகிப்பதுதான் அது. பெரும்பாலும் தப்பாகவே ஊகிக்கிறோம். நியூயார்க் நகரம் இந்தத் தலைவலியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. அங்கே நகரப் பதவிகளுக்கான பிரைமரியில் ஐந்து பேர் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தலாம். முதல் விருப்பம் தேறாவிட்டால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும். 2025 ஜூனில் மேயர் பிரைமரியில் ஸோரான் மம்தானியும் பிராட் லாண்டரும், எதிரெதிரே நின்றுகொண்டே, "எனக்கு ஒன்று போடு, அவருக்கு இரண்டு போடு" என்று ஒருவருக்கொருவர் ஓட்டுக் கேட்டார்கள். முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோவுக்குப் பணமும் பெயரும் இருந்தன. கடைசிச் சுற்றில் மம்தானிக்கு 56 சதவீதம்.

யார் ஓட்டுப் போட வருகிறார்கள் என்பதுதான் இதில் பெரிய சங்கதி. ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் பிரைமரிக்கு வருபவர்கள் தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுதான். வருகிறவர்கள் வயதானவர்கள், அரசியல் பித்துப் பிடித்தவர்கள், எதற்காவது கோபமாக இருப்பவர்கள். 2014 ஜூனில் விர்ஜீனியாவில் எரிக் கேண்டர் தோற்றதை இங்கே இன்னும் பேசுகிறார்கள். கீழவையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று எல்லோரும் எண்ணியவர். எதிரே டேவ் பிராட், ஒரு சிறிய கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர். கேண்டர் தரப்பு ஸ்டேக் ஹோட்டல்களில் செலவழித்தது மட்டும் 1,68,000 டாலருக்கு மேல். பிராட்டின் மொத்தத் தேர்தல் செலவே சுமார் 2 லட்சம். ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட தொகுதியில் பதிவான ஓட்டு ஏறக்குறைய 65 ஆயிரம். பிராட் 36 ஆயிரம், கேண்டர் 29 ஆயிரம். நான்கு ஆண்டு கழித்து நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் இதே மாதிரி ஜோ கிரௌலியைச் சாய்த்தபோது அவருக்கு விழுந்தது 17 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அந்தத் தொகுதியில் நவம்பரில் ஜனநாயகக் கட்சி தோற்காது. ஆக, உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஒருவரைக் காங்கிரஸுக்கு அனுப்பியது அந்தப் பதினேழாயிரம் பேர்தான். அமெரிக்கத் தொகுதிகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு கட்சிக் கோட்டைகள். அங்கே பிரைமரியைத் தவறவிட்டு நவம்பரில் மட்டும் போகிறவர், பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொல்கிறவர்.

திறந்த பிரைமரியில் எதிர்க்கட்சிக்காரர்கள் புகுந்து மொக்கை வேட்பாளரை ஜெயிக்க வைத்துவிட மாட்டார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். முயற்சி நடந்திருக்கிறது. 2008இல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, குடியரசுக் கட்சிக்காரர்களை ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஹிலாரி கிளின்டனுக்குப் போடச் சொன்னார், ஒபாமாவோடு சண்டை நீளட்டும் என்று. ஒபாமாதான் வேட்பாளரானார். வேற்றுக் கட்சி ஓட்டு பெரிதாக விழும்போது அது பெரும்பாலும் குழப்படிக்காக விழுவதில்லை. 2000இல் மிச்சிகனில் கட்சி சாராதவர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் திரண்டு ஜான் மெக்கெய்னுக்குப் போட்டு புஷ்ஷைத் தோற்கடித்தது, மெக்கெய்னை நிஜமாகவே பிடித்துப்போனதால். ஊரைக் கெடுப்பதற்காக வேலைநாளில் லீவு போட்டு வரிசையில் நிற்கிறவர்கள் குறைவு.

ஜனாதிபதி பிரைமரி தனி ரகம். அங்கே வாக்காளர் போடும் ஓட்டு டெலிகேட்டுகளாக, அதாவது கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளாக மாறுகிறது. ஜனநாயகக் கட்சி ஓட்டு விகிதப்படி டெலிகேட்டுகளைப் பங்கு போடும். 15 சதவீதம் தாண்டாதவருக்குப் பூஜ்யம். குடியரசுக் கட்சியில் சில மாநிலங்கள் மொத்தத்தையும் முதலிடத்துக்கே கொடுத்துவிடும். 2016இல் ஃபுளோரிடாவில் ட்ரம்ப் 46 சதவீதம்கூட வாங்கவில்லை, 99 டெலிகேட்டும் அவருக்கே. அயோவா போன்ற இடங்களில் பிரைமரிக்குப் பதில் காக்கஸ், அதாவது குளிர்கால இரவில் கூட்டமாகக் கூடி முடிவு செய்யும் ஊர்க்கூட்டம். 2024 ஜனவரியில், தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்திலிருந்து வந்த விவேக் ராமசாமி அங்கே நான்காம் இடம் வந்து, அன்றிரவே விலகினார்.

இதெல்லாம் 1968க்குப் பிறகு வந்த கறார். அந்த ஆண்டு ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டுத் தெருக்களில் ரகளை. பிறகுதான் வாக்காளர் முடிவே முதன்மை என்று விதிகளை மாற்றினார்கள். ஆனால் சட்டப்படி கடைசி முடிவு இன்றும் டெலிகேட்டுகள் கையில்தான். கமலா ஹாரிஸ் 2019 டிசம்பரில், ஒரு பிரைமரி நடப்பதற்கு முன்பே, போட்டியிலிருந்து விலகியவர். 2024இல் பிரைமரிகளை ஜெயித்த பைடன் ஜூலை 21ஆம் தேதி ஒதுங்க, டெலிகேட்டுகள் ஆன்லைனில் ஓட்டுப் போட்டு ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்ததைப் படித்திருப்பீர்கள். அவர் அந்த இடத்துக்கு வந்த வழியில் பிரைமரி வாக்காளர் இல்லை என்பது, அவருக்கு ஆதரவாக இருந்த என் நண்பர்கள் சிலருக்கே உறுத்தலாக இருந்தது.

சரி, டல்லாஸுக்கு வருவோம். டெக்சாஸ் பிரைமரி இரட்டைப்படை ஆண்டுகளில் மார்ச் முதல் செவ்வாய். அதற்கு 30 நாள் முன்பே வாக்காளர் பதிவு முடிந்திருக்க வேண்டும், அண்ணன் முடித்துவிட்டார். அன்றைய வரிசை பிடிக்காவிட்டால், முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாள்களில் தன் கவுண்ட்டிக்குள் எந்த மையத்துக்கும் போகலாம். போட்டோ உள்ள அடையாள அட்டை கையில் இருக்கட்டும். "எந்தக் கட்சிச் சீட்டு?" என்று கேட்பார்கள், சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. அந்த ஆண்டு முழுக்க அவர் அந்தக் கட்சிக்காரராகக் கருதப்படுவார், ஆண்டு முடிந்தால் அதுவும் கலைந்துவிடும். யாருக்குப் போட்டார் என்பது ரகசியம். எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினார் என்பது ரகசியமில்லை, பொதுப் பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த தேர்தலுக்கு அவர் தபால்பெட்டி நிறையும்.

எந்தச் சீட்டை வாங்குவது? என்னைக் கேட்டால், அவர் தொகுதியில் நவம்பரில் வழக்கமாக எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வேன். டல்லாஸ் கவுண்ட்டிப் பதவிகளை ஜனநாயகக் கட்சி பிடித்து வைத்திருக்கிறது. மாநிலம் தழுவிய பதவிகளைப் பல ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சி. ஆக, கவர்னர் யார் என்பதில் அதிக அக்கறையா, உள்ளூர் நீதிபதி யார் என்பதிலா என்பதைப் பொறுத்தது. நீதிபதி என்றதும் ஆச்சரியப்பட வேண்டாம். டெக்சாஸில் நீதிபதிகளையும் கட்சி சார்பில் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கிறார்கள். சீட்டில் இரண்டு, மூன்று பக்கத்துக்குக் கேள்விப்படாத பெயர்களாக ஓடும். உள்ளே போய் முழிக்காமல், உள்ளூர்ப் பத்திரிகைகள் யாரைப் பரிந்துரைக்கின்றன, வழக்கறிஞர் சங்கம் நடத்தும் கருத்துக்கணிப்பில் யார் முன்னால் இருக்கிறார் என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். வாக்குச்சாவடிக்குள் போன் எடுக்கக் கூடாது, தாள் எடுத்துப் போகலாம். சீட்டின் கடைசியில் கட்சி சில கேள்விகளுக்கு ஆமாம், இல்லை என்று பதில் கேட்டிருக்கும். அது வெறும் கருத்துக் கேட்பு, சட்டமாகாது. விட்டாலும் ஓட்டுச் செல்லும்.

கடைசியாக ஒன்று. டெக்சாஸில் யாரும் 50 சதவீதம் தாண்டாவிட்டால் மே மாதம் முதல் இருவருக்கும் மறுபடி ஒரு சுற்று. மார்ச்சில் ஒரு கட்சிச் சீட்டு வாங்கியவர் மே மாதம் இன்னொரு கட்சியின் சுற்றுக்குப் போக முடியாது. மார்ச்சில் போகவே இல்லை என்றால், மே மாதம் எந்தக் கட்சிக்கும் போகலாம். அந்த இரண்டாவது சுற்றை எல்லோரும் மறந்துவிடுவார்கள். 2012இல் செனட் பிரைமரியின் முதல் சுற்றில் துணை கவர்னர் டேவிட் டியூஹர்ஸ்ட் 45 சதவீதத்துடன் முதலிடம், அதிகம் அறியப்படாத டெட் குரூஸ் 34 சதவீதம். அந்த ஆண்டு இரண்டாவது சுற்று ஜூலை கடைசியில் கொளுத்தும் வெயிலில் வந்தது. முதல் சுற்றுக்கு வந்த பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், குரூஸின் ஆள்கள் வந்தார்கள். 57 சதவீதம் வாங்கி அவர் செனட்டுக்குப் போனார், இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். அதனால் அண்ணனைக் காலண்டரில் இரண்டு தேதி குறித்துவைக்கச் சொல்லுங்கள்.